சேம்புப்பள்ளத்துக்கு வண்டி வராது

சேம்புப்பள்ளம்,
மன்னவனூர் வழி.
21.1.2024

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு அக்கா ராஜகுமாரி எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நானும் உன் மச்சானும் சுகம். பழனியில் ரம்யாவும் மாப்பிள்ளையும் சுகம். பனி இந்த வருஷம் அதிகம். காலையில் கேரட் தழை மேல் உப்பு தூவின மாதிரி கிடக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று சிரிக்காதே. மேட்டுக்கு ஏறினால்தான் டவர். மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பேசினால் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு கட்டாகிவிடுகிறது. இது சாவகாசமாகச் சொல்லவேண்டிய சங்கதி.

நம் ஊருக்குத் தார் ரோடு வரப்போகிறதடா! மன்னவனூர் மெயின் ரோட்டிலிருந்து நம் ஊர் முடியும் வரைக்கும். ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். வளைவில் அகலம் போதவில்லையாம். நம் பூண்டுக் காட்டின் கீழ் ஓரத்தில் ஒரு துண்டு விட்டுக்கொடுக்க வேண்டும். நல்லசாமி அண்ணனும் மற்றவர்களும் அவரவர் ஓரத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. நானும் போட்டுவிட்டேன். பட்டாவில் உன் பெயரும் சேர்ந்திருப்பதால் உன் சம்மதமும் வேண்டுமாம். அங்கே இருக்கிற நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பவேண்டும் என்கிறார். "வெரசா வாங்குங்கம்மா, இல்லேன்னா ரோடு வேற ஊருக்குப் போயிரும்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், கொதிக்கிற உலையில் நிற்பது போல நிற்பார்.

பட்டாவில் என் பெயர் இருந்தாலும் அது அப்பா உனக்கு வைத்துவிட்டுப் போன மண். நீ போகும்போது "நீங்களே பாத்துக்கங்க" என்று சொன்னதால் நாங்கள் பாடுபடுகிறோம். கட்டிக்கொடுத்த பெண் கூடப்பிறந்தவன் மண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உன் சௌகரியம் போலச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மச்சான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
ராஜகுமாரி

---

வலென்சியா,
18.2.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடை வாசலிலேயே நின்று படித்தேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சான் இன்னும் பீடி குடிக்கிறாரா?

அக்கா, நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. சைக்கிள் வாடகைக்கு விடுகிறான் என்றுதான் நினைத்திருப்பாய். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் விட்ட பையன்தானே நான். இங்கே அது வேறு மாதிரி. கடற்கரை ஊர் இது. நகரத்தை விட்டு வெளியே வந்தால் வண்டியே வராத சரளைப் பாதைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மலையிலிருந்து துறைமுகத்துக்குக் கனிமம் இறக்கிய ரயில் பாதையில், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடிக்கல் பரப்பி, சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். குகைக்குள் நுழைந்து பாலத்தின் மேல் வெளியே வருவோம். இப்போது வழியெல்லாம் வாதுமை பூத்திருக்கிறது. தெற்கே போனால் ஏரிக்கரையில் நெல் வயல், ஆமாம் அக்கா, நெல்! வரப்பு மாதிரி பாதை, ஒரு பக்கம் கொக்கு, மறுபக்கம் கடல் காற்று. ஹாரன் சத்தம் கிடையாது. டயருக்குக் கீழே சரளை நொறுங்குவது மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்பதற்காக ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போவேன், அவர்கள் பின்னால் வருவார்கள்.

ஒவ்வொரு முறையும் எனக்கு நம் பாதைதான் ஞாபகம். மன்னவனூரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் பாதையைப் போல ஒன்று இங்கே கிடையாது. பைன் மரம், புல்வெளி, ஓடை, மேகம். அதைக் கண்ணால் பார்த்தால் இவர்கள் திரும்பவே மாட்டார்கள். என் முதலாளியிடம் பேசிவிட்டேன். வரும் குளிர்காலத்தில் ஒரு குழுவைக் கூட்டி வரலாம், பிடித்துப்போனால் வருஷா வருஷம் நடத்தலாம், அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படியென்றால் நான் ஊரோடு வந்துவிடலாம் அக்கா. எத்தனை வருஷம் அடுத்தவன் ஊர்ப் பாதையையே காட்டிக்கொண்டிருப்பது?

ஆனால் தார் போட்டால் இது நடக்காது. தார் ரோட்டில் ஓட்ட யாரும் கடல் தாண்டி வர மாட்டார்கள். அதனால்தான் யோசிக்கிறேன். ஒரு வருஷம் பொறுக்க முடியுமா? உனக்குச் சிரமம் என்றால் ஒளிக்காமல் எழுது. அடுத்த ரயிலில் மாட்ரிட் போய்த் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அன்புள்ள தம்பி,
வேல்ராஜ்

---

சேம்புப்பள்ளம்,
14.3.2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது. முழங்கால் அப்படியேதான், அதற்கென்ன, நடக்கிற வரைக்கும் நடக்கும். பீடி பற்றி நீயே வந்து கேள்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். "குண்டு குழியில ஓட்டுறதுக்குக் காசு குடுத்து வர்றானுகளா? நம்ம பழனிமுத்து ஜீப்புல வரச் சொல்லு, இலவசமா குலுக்கி விடுவான்" என்று சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரோடு வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிஜமாகத்தானே எழுதினாய்? மேல் அறையில் விதைப் பூண்டு கட்டித் தொங்குகிறது, அதைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடித்துவிடலாம். உன் வெள்ளைக்காரர்கள் சோறு தின்பார்களா? காரம் குறைத்துச் சமைப்பேன், அதற்கு மேல் என்னால் ஆகாது.

ரம்யாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நீ தாய்மாமன், உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன். தலைப்பிரசவம், வளைகாப்பு முடிந்ததும் நம் வீட்டுக்குத்தான் கூட்டி வர வேண்டும். வலி வந்தால் கொடைக்கானல் ஆஸ்பத்திரி.

பாதை விஷயம், உன் மண், உன் முடிவு. எங்களுக்கு என்ன, பழகின பாதைதான். உன் சௌகரியம் போல.

உன் அக்கா,
ராஜகுமாரி

---

வலென்சியா,
16.4.2024

என் செல்ல அக்காவுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. பாயசம் வைத்தாயா? நான் ஒரு ஆரஞ்சுப்பழத்தை உரித்துத் தின்று கொண்டாடினேன். ஊரே ஆரஞ்சுப் பூ மணக்கிறது.

நான் தாத்தா முறையாகப் போகிறேனா? இந்த வயதிலேயா? ரம்யாவுக்கு என் முத்தம். வளையலுக்கு மாமன் சீர் நான்தான் கொண்டுவருவேன் என்று சொல்.

உன் பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீ ஏதாவது வருத்தமாக எழுதுவாயோ என்று பயந்துகொண்டிருந்தேன். பழகின பாதைதான் என்று எழுதிவிட்டாய், நீ எப்போதுமே எனக்கு இடம் கொடுப்பவள். அவசரம் இல்லையென்றால் மாட்ரிட் பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இப்போது சீசன் தொடங்கிவிட்டது, நிற்க நேரமில்லை.

பாதையைப் பற்றிக் குறிப்பு வேண்டும். குடிதண்ணீர் எங்கே, நிழல் எங்கே, காட்டு மாடு எந்த நேரத்தில் இறங்கும், மழைக்கு எந்த இடம் சறுக்கும். எழுது அக்கா. உன்னை விட அந்தப் பாதையை அறிந்தவர்கள் யார்?

அன்புத் தம்பி,
வேலு

---

சேம்புப்பள்ளம்,
9.6.2024

அன்புத் தம்பிக்கு, நாங்கள் நலமாக இருக்கிறோம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பூண்டு எடுத்துக் காயவைக்கிற சோலியில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்ட குறிப்பு. பைன் காடு முடிகிற இடத்தில் ஓடைத் தண்ணீர் குடிக்கலாம். மேலே மருந்து அடிக்கிற நாளில் குடிக்கக்கூடாது, வாடை தெரியும். காட்டு மாடு பொழுது சாய இறங்கும். வெள்ளனே வந்துவிட்டால் தொந்தரவு இல்லை. ஐப்பசி மழைக்கு நம் காட்டு வளைவுதான் முதலில் சரியும். அந்த இடத்தில் பழனிமுத்துவே ஜீப்பை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொல்வான்.

சம்பந்தியம்மா கந்தம்மாள் வந்திருந்தார்கள். மலை மேல் முதல் முறை. பழனியில் கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர்கள், வாசலில் பஸ் நிற்கும், ஆட்டோ நிற்கும். ஜீப்பிலிருந்து இறங்கும்போது முகமெல்லாம் வெளுத்துப்போய், கம்பியைப் பிடித்த கை விரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மதினி, தப்பா நெனைக்காதீங்க. நெறமாசத்துப் புள்ளைய இதுலயா ஏத்துவீங்க? வலி வந்தா எதுல கொண்டு போவீங்க?" என்றார்கள்.

"அதுக்குள்ள தார் ரோடு வந்துரும்ங்க" என்றேன்.

"வரட்டும். வந்தா நானே கொண்டாந்து விடுறேன். வரலேன்னா அனுப்ப மாட்டேன், சொல்லிப்புட்டேன்" என்றார்கள். நல்ல மனுஷிதான். திரும்பிப் போகும்போது ஜீப்பில் ஏற மாட்டேன் என்று பாதி தூரம் நடந்தே போனார்கள். மச்சான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனதைப் பார்க்கவேண்டுமே, நல்ல வேடிக்கை.

வளைகாப்பு ஆவணியில். அதற்குள் ஓவர்சியர் இன்னொரு தடவை வருவார். எல்லாம் உன் சௌகரியம் போல. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா ராஜகுமாரி

---

வலென்சியா,
28.7.2024

அக்காவுக்கு,

சுகம்தானே? எனக்கு மூச்சு விட நேரமில்லை, அதனால் சின்னக் கடிதம். வெயில் கொளுத்துகிறது. விடியும் முன்னே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்புகிறோம்.

சம்பந்தியம்மா கதையைப் படித்துக் கடையிலேயே சிரித்துவிட்டேன். என் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தக் குலுக்கல்தான் வேண்டும் என்று மேஜையைத் தட்டுகிறார்கள்!

நல்ல செய்தி. குழு முடிவாகிவிட்டது, தை மாசிக்கு வருகிறார்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் நம் பாதையின் படம் போட்டாயிற்று. "வாகனமே வராத மலைப்பாதை" என்பதுதான் தலைப்பு. இந்த முதல் பயணம் முடியட்டும், அதற்குப் பிறகு தார் பற்றி யோசிப்போம். ஓவர்சியரிடம் சொல், கையெழுத்து எங்கேயும் ஓடிப்போகாது.

ரம்யாவுக்குச் சால்வை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி வேலு

---

வலென்சியா,
19.9.2024

அக்கா, ஏன் பதில் இல்லை? போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. ரம்யாவும் எடுக்கவில்லை. வளைகாப்பு முடிந்திருக்குமே, படம் அனுப்பக்கூடாதா? மச்சானுக்கு உடம்பு சரியில்லையா? இங்கே நெல் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வரியாவது எழுது.

வேலு

---

சேம்புப்பள்ளம்,
6.10.2024

மாப்பிள்ளை வேல்ராஜுக்கு மச்சான் திருமலைச்சாமி எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நல்லா இருக்கிறோம் என்று எழுத எனக்கு வரவில்லை.

நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. உன் ஆடி மாசத்துக் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தவள் அதன் பிறகு பேனாவைத் தொடவில்லை.

வளைகாப்பு பழனியில் நடந்தது. நாங்கள் போனோம். மாமன் சீர் தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். எல்லாம் முடிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தால், சம்பந்தியம்மா கதவருகே நின்று கும்பிட்டார்கள். "அண்ணே, ரோடு வந்துருச்சா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். ரம்யா அவள் அம்மாவைப் பார்த்தாள். உன் அக்கா கட்டின பையை அவிழ்த்து, பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த துணியையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ரோடு இல்லை மாப்பிள்ளை. புரட்டாசி முதல் வாரத்தில் ஓவர்சியர் வந்தார். இனிமேல் காத்திருக்க முடியாது, பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாக் கையெழுத்தும் கொடுத்துவிட்டார்கள், ரோடு அங்கே போகிறது என்றார். நம் ஊரில் எல்லாரும் கொடுத்திருந்தார்கள், உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இப்போது உன் அக்கா குழாயடிக்குப் போனால் நடந்துகொண்டிருக்கும் பேச்சு நின்றுபோகிறது. நல்லசாமி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் மகனுக்கு இதே ரோட்டை நம்பித்தான் பெண் பேசி வைத்திருந்தார்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். உன் அக்கா "சௌகரியம் போல" என்று எழுதினால் உனக்கு என்னடா அர்த்தம்? இந்த வீட்டில் அவள் என்னிடம் "ஒங்க சௌகரியம் போல" என்றால் நான் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போய் அந்த வேலையை முடித்துவிட்டு வந்துதான் மறுவாய் சாப்பிடுவேன். அவள் வாயில் அதற்கு மேல் அவசரமான வார்த்தை கிடையாது. உங்கள் அம்மாவும் இப்படித்தான் பேசுவார்கள், நீ கேட்டு வளர்ந்தவன்தானே? மூன்று கடிதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறாள். நீ அதை அந்த ஊர்க்காரன் மாதிரி வாசித்திருக்கிறாய்.

பிறந்தவனிடம் மண் கேட்டாள் என்று பெயர் வரக்கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். அது என் மேல் தப்பு.

திருமலைச்சாமி

---

மாட்ரிட்,
25.10.2024

அக்கா,

மச்சான் கடிதம் நேற்று வந்தது. அப்படியே ரயில் ஏறிவிட்டேன். தூதரகத்தில் முத்திரை வாங்கியாயிற்று, இத்துடன் இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். துண்டு நிலம் இல்லை, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். முழுக் காட்டையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஓவர்சியர் காலில் விழுந்தாவது கேட்கச் சொல் மச்சானை. கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் சொல். நான் வேண்டுமானால் யாரிடமும் போனில் பேசுகிறேன்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்துத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொன்றிலும் நீ கத்தியிருக்கிறாய். எனக்கு எப்படிக் காது அடைத்துப்போனது என்று தெரியவில்லை. இங்கே சௌகரியம் போல என்றால் சௌகரியம் போலத்தான். அது சாக்கு இல்லை. எனக்கு அந்தப் பாதை வேண்டியிருந்தது, அதனால் எனக்கு வேண்டிய மாதிரி வாசித்துக்கொண்டேன்.

திட்டியாவது எழுது அக்கா. ரம்யா எப்படி இருக்கிறாள்?

வேலு

---

பழனி,
8.12.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. ரம்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் இப்போது தேவலை.

உன் பேப்பர் வந்து சேர்ந்தது. மச்சான் எடுத்துக்கொண்டு போனார். ஓவர்சியர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆவணிக்கு முன்னாடியே வந்திருக்கணும்" என்றாராம். அடுத்த ஊரில் ஜல்லி கொட்டியாயிற்று. பேப்பரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ரம்யாவுக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே ரத்தக்கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை எங்களுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு மன்னவனூர் கடைக்குச் சொல்லியிருக்கிறார். அன்று பேய் மழை. நம் காட்டு வளைவு சரிந்து கிடக்கிறது. பழனிமுத்து ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் கொட்டுகிற மழையில் நடந்து வந்து, "அத்தை, வெரசா கெளம்புங்க, புள்ளைக்கு முடியலையாம்" என்றான். மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கிளம்பினோம். சேறு முழங்கால் வரைக்கும். என் கால் உனக்குத் தெரியுமே. ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன், மச்சான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மன்னவனூர் போனால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, கொடைக்கானல் போய், அங்கிருந்து பழனி பஸ் பிடித்து, நாங்கள் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். ரம்யா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாம்மா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தது சம்பந்தியம்மா. நான் தேன் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன், வெளியே எடுக்கவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையை விடாமல் பிடித்திருந்தவர்கள் அவர்கள். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியது நான்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. உன் மேல் மட்டும் இல்லை. வாயைத் திறந்து "கையெழுத்துப் போடுடா" என்று ஒரு வரி எழுத எனக்கு என்ன கேடு?

சாப்பிடாமல் கிடக்காதே. மச்சானைத் திட்டாதே, அவர் எழுதினதை எனக்குச் சொல்லிவிட்டார்.

அக்கா

---

வலென்சியா,
30.12.2024

அக்கா,

மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. குழந்தைக்கு என்ன பெயர்?

குழுவைத் தடுத்துப் பார்த்தேன். எல்லாரும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், முதலாளி ஒப்பவில்லை. மாசி முதல் வாரம் வருகிறோம். அவர்களை அனுப்பிவிட்டு நான் திரும்பப் போவதில்லை. இங்கே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். மேல் அறை போதும் எனக்கு. மச்சானோடு காட்டு வேலை பார்க்கிறேன், வளைவைக் கல் வைத்துக் கட்டுகிறேன், உன் கை சோறு தின்கிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் திட்டு, வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இரு அக்கா, அது போதும்.

உன் வேலு

---

பழனி,
25.1.2025

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு அக்கா ராஜகுமாரி எழுதுவது. நாங்கள் சுகம். பிள்ளை பால் குடித்துத் தேறி வருகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை, இப்போதைக்குப் பாப்பா. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் அரோகரா. எனக்குத்தான் இந்தச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை.

நீ எழுதினது கைக்குக் கிடைக்கும்போது நாங்கள் ஊரை விட்டு இறங்கியாயிற்று. பொங்கல் முடிந்த கையோடு வந்துவிட்டோம். ரம்யாவுக்கு இன்னும் குனிந்து நிமிர முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் மேலே வரப்போவதில்லை, வா என்று கூப்பிட எனக்கும் வாய் இல்லை. அவள் வர முடியாத ஊரில் நான் யாருக்கு உலை வைக்க? சம்பந்தியம்மாதான் கடைக்குப் பின்னால் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். மச்சான் கடையில் தேங்காய் பழம் எடுத்துக் கொடுக்கிறார். மலையில் வளர்ந்த மனுஷன், வெயிலுக்கு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க எனக்கு ஆகவில்லை. ரம்யா என்னோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள். நேற்று தலை வாரிவிடச் சொன்னாள்.

நாங்கள் கிளம்பின அன்று யாரும் வழியனுப்ப வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள் முதலிலேயே ரோடு வந்த ஊருக்குக் குடி மாறிவிட்டார்கள். நல்லசாமி அண்ணன் மட்டும் சாமான் ஏற்றும்போது வந்து நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேசினார். "நீயும் போறியாத்தா? மாசி பொறந்ததும் நாங்களும் எறங்கிருவோம்" என்றார். இரண்டு பேரும் அழுதோம். இந்த வருஷம் பூண்டு ஊன்றவில்லை. காடு சும்மா கெடக்கு.

நீ ஊரோடு வருகிறேன் என்று எழுதியதற்கு ஒரு வருஷம் முன்னால் என்றால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போதும் வா. வராதே என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. பழனிக்கு வந்து பிள்ளையைப் பார், அந்தச் சால்வையை ரம்யா கையில் நீயே கொடு. இங்கே உனக்குப் படுக்க இடம் இல்லை, கடை வராந்தாதான் இருக்கிறது. மேல் அறையைக் கேட்டிருந்தாய். அதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு முன்னாலேயே. பூட்டுச் சாவி மன்னவனூர் கடையில் இருக்கும்.

உன் ஆட்களைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போ. கம்பெனியில் நீ போட்ட படத்தின் தலைப்பில் ஒரு பொய்யும் இல்லை. பழனிமுத்து ஜீப்பை விற்றுவிட்டான், இனி அந்தப் பாதையில் வண்டி வராது, ஆளும் வராது. சரளை நொறுங்குவது நன்றாகவே கேட்கும். பைன் காடு தாண்டி, வளைவு தாண்டி, பூட்டின வீட்டுக்கு முன்னால் போய் நிற்பீர்கள். இது யாருடைய வீடு என்று அவர்கள் உன்னைக் கேட்பார்கள். என்ன பதில் சொன்னாய் என்று எனக்கு எழுது.

அக்கா,
ராஜகுமாரி